திங்கட்கிழமைக்குள் ஒரு பிரஷர் சீட்டு

காலை ஒன்பதரை மணிக்குள் பதினோரு பேர் சேதுபதியிடம் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள்.

முதல் ஆளிடம் "தெரியாதுங்க" என்றான். இரண்டாவது ஆளிடமும் அதையே சொன்னான். மூன்றாவது ஆள் அவன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பறம் எதுக்குய்யா எழுதிப் போட்டிருக்கே?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சேதுபதிக்குத் தெரியாது. போட்டிருந்தது அவன் சட்டையே இல்லை. நீல நிற டி-ஷர்ட். முன்பக்கம் ஒரு இதயப் படம். பின்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி யாருக்கும் கண் வைத்துப் படைக்கவில்லை.

நான்காவது ஆளிடம் அவனே முந்திக்கொண்டு கேட்டான். "அண்ணே, முதுகுல என்னதான் எழுதியிருக்கு?"

அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "'என்னிடம் கேளுங்கள்'னு போட்டிருக்கு."

"அப்படியா?"

"ஆமா. டாய்லெட் எங்க?"

சேதுபதி வந்தது பதில் சொல்வதற்கு அல்ல. ஒரு சீட்டு வாங்குவதற்கு.

வியாழக்கிழமை காலை, எட்டாவது மாடி உயரத்தில், சாரத்தின் மேல் நின்று பலகை கட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தலை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரே நிமிடம்தான். குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் திறந்து பார்த்தபோது கீழே பாதுகாப்பு மேற்பார்வையாளர் தங்கராஜு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"இறங்கு லா, இறங்கு! திங்கக்கிழமை காலையில பிரஷர் சீட்டோட வா. டாக்டர் கையெழுத்து இருக்கணும். நம்பர் சரியா இருந்தா ஏறு. இல்லன்னா கீழ நின்னு யார்டு கூட்டு."

யார்டு கூட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் போன தடவை அப்படி விளக்குமாறு கைக்கு வந்த இரண்டு பேருக்கு வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. அவர்கள் இப்போது ஊரில் இருக்கிறார்கள். சேதுபதியின் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது.

அவன் தங்கியிருந்த துவாஸ் தொழிலாளர் விடுதியின் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மருத்துவம் படிக்கும் மாணவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நடத்தும் இலவச முகாம். ஞாயிறு காலை பத்து மணி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கத்தில் ஒரு மண்டபம். சேதுபதி அதை இரண்டு தடவை படித்தான். பத்து மணிக்கு என்றால் எட்டு மணிக்கு நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் இலவசம் என்று போட்ட எதற்கும் கூட்டம் முன்னாடியே வந்துவிடும்.

அப்படியே எட்டு மணிக்கு வந்தும் நின்றான். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார். வாசலில் இவனைப்போலவே நான்கைந்து பேர். அப்போது ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்தார். இவர்களைப் பார்த்தார், அவ்வளவுதான்.

லாரியின் பின்கதவு திறந்தால் சேதுபதியின் கை தானாக நீளும். பதினான்கு வருடப் பழக்கம். மற்ற நான்கு பேருக்கும் அதே வியாதி. இருபது நிமிடத்தில் மடக்கு மேசைகள், நாற்காலிகள், பெட்டிகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் உள்ளே இறங்கிவிட்டன.

ஓட்டுநர் ஒரு தாளை நீட்டினார். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பேனாவோடு நின்றிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சேதுபதிக்கு அது போதும். சைட்டில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர்தான் பெரியவர். மருத்துவம் படிக்கிற பொண்ணு போல என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

கடைசித் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கும்போதுதான் அதன் அடி பிய்ந்துபோய், பாட்டில்கள் விழுந்து உடைந்து, அவன் சட்டை முழுக்க நனைந்தது. பக்கத்துப் பெட்டியில் மெத்தென்று ஏதோ இருந்தது. பிரித்தான். நீல டி-ஷர்ட்டுகள். காயும்வரைக்கும் என்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அந்தப் பெண் அவனிடம் வந்தாள். "அண்ணே, நானும் ஒண்ணு போட்டுக்கணுமா?"

சேதுபதி நிமிர்ந்து நின்றான். இந்த மாதிரிக் கேள்வி அவனுக்குப் புதிதல்ல.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் சைட்டில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். தங்கராஜு ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டே, "ஹெல்மெட் எதுக்குப் போடணும்?" என்று கேட்பார். அவருக்குத் தெரியாமலா கேட்கிறார்? நமக்குத் தெரியுமா என்று பார்க்கிறார். பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தயங்கக் கூடாது. தயங்கினால் அன்றைக்கு ஏற்ற மாட்டார். படித்தவர்கள் கேள்வி கேட்பதே இப்படித்தான் என்று சேதுபதி எப்போதோ முடிவு செய்துவிட்டான்.

"கண்டிப்பா போடணும் மேடம்!" என்றான் மண்டபம் அதிர. "உள்ள வந்தா எல்லாரும் போடணும்!"

அவள் மளமளவென்று ஒன்றை எடுத்து உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். "மேடம்லாம் வேணாம்ணே. என் பேரு முனீரா."

"சரிங்க முனீரா மேடம்."

முதல் கேள்வியில் தேறிவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மேசையெல்லாம் எப்படிப் போடலாம்ணே?"

"வர்ற வழி வேற, போற வழி வேற மேடம்! கதவுக்கு நேரா எதுவும் வைக்கக் கூடாது!"

"சரிண்ணே," என்று அவள் ஒரு முனையைத் தூக்கினாள். அவன் மறுமுனையைத் தூக்கினான். இவ்வளவு படித்த பொண்ணு, கூலிக்காரனோடு சேர்ந்து மேசை தூக்குகிறதே என்று அவனுக்கு மனது இளகியது.

நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது. "இங்க யாருமே இல்ல லா, எப்படி விட்டுட்டு வர்றது? கொஞ்சம் லேட்டாகும்," என்று சொல்லி வைத்தாள். பொறுப்பான பிள்ளை.

ஒன்பதரைக்குப் பதினோராவது ஆளும் டாய்லெட் கேட்டபோது சேதுபதி ஒரு முடிவுக்கு வந்தான். டாய்லெட் எங்கே என்று தானே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். பெட்டியிலிருந்து ஒரு தடித்த பேனாவை எடுத்து, அட்டையில் பெரிய அம்புக்குறி போட்டு, மண்டபத்தின் பின்பக்கம் பார்க்க ஒட்டினான். கீழே 'கழிவறை' என்று எழுத ஆரம்பித்து, 'ழி' கொஞ்சம் சண்டித்தனம் செய்ததால் வெறும் அம்போடு விட்டுவிட்டான். அம்பு எல்லா மொழிக்கும் புரியும்.

நன்றாகவே புரிந்தது. பத்து மணிக்கு உள்ளே வந்த கூட்டம் அம்பைப் பார்த்தது. அம்பின் முனையில் ஆறு பேர் நிற்பதைப் பார்த்தது. வரிசை என்றால் நிற்க வேண்டியதுதானே? பத்து நிமிடத்தில் நாற்பது பேர் டாய்லெட் வாசலில் பிரஷர் பார்த்துக்கொள்ள நின்றார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று விசாரித்தார்கள்.

"என்னத்த சொல்லுவாங்க?"

"நம்பர் எவ்வளவுன்னு சொல்லலியா?"

"யோவ், என்னய்யா கேக்குறே?"

சண்டை வருகிற மாதிரி இருந்தது. சேதுபதி ஓடினான். "டாய்லெட்டுக்கு இந்தப் பக்கம்! பிரஷருக்கு அந்தப் பக்கம்! பிரஷர் பார்க்குறவங்க மட்டும் அந்தப் பக்கம்!"

"ரெண்டுக்கும் வந்தவங்க?" என்று ஒரு குரல்.

சேதுபதி முனீராவைப் பார்த்தான். முனீரா சேதுபதியைப் பார்த்தாள்.

"அவசரம் எதுவோ அது முதல்ல!" என்றான்.

முனீரா கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். "வாங்க, வாங்க, தள்ளாம வாங்க, எல்லாருக்கும் உண்டு, முன்னாடி இடம் இருக்கு பாருங்க அண்ணே, உள்ள வாங்க!" என்று அவள் கூப்பிட்ட கூப்பிடலில் கூட்டம் குழந்தை மாதிரி நகர்ந்தது. டாக்டர் படிப்பில் கூட்டத்தை அடக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று சேதுபதி வியந்தான்.

வரிசை நேரானதும் அவனும் போய்க் கடைசியில் நின்றான். வந்த வேலையைப் பார்க்க வேண்டாமா?

முன்னால் நின்றவர் திரும்பினார். "என்ன தம்பி, தொண்டூழியர் நீங்க போய் வரிசையில நிக்கிறீங்க?"

"நான் தொண்டூழியர் இல்லீங்க. சட்டை நனைஞ்சிருச்சு."

"எல்லாரும் இப்படி வந்து நின்னுட்டா யாரு பார்க்கிறது?" என்று அதற்குள் பின்னால் வந்து சேர்ந்தவர் அவனை வெளியே தள்ளினார். "வேலையைப் பாருங்க சார்."

பதினான்கு வருடத்தில் அவனை ஒருவர் 'சார்' என்றது அதுதான் முதல் தடவை. அதுவும் வரிசையை விட்டுத் தள்ளும்போது.

நீல டி-ஷர்ட்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அவன் சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கிளறினான். அடியில் ஒரே ஒரு சிவப்பு டி-ஷர்ட் இருந்தது. நீலம் போட்டால்தானே வம்பு? கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்பை மாட்டிக்கொண்டு திரும்ப வரிசைக்கு வந்தான்.

அதற்கப்புறம் யாரும் அவனிடம் டாய்லெட் கேட்கவில்லை. கேள்விகள் பெரிதாகிவிட்டன.

"சார், டாக்டர் எப்ப வருவாரு?"

"சார், முட்டி வலிக்கு இங்க ஊசி உண்டா?"

பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "இந்த மண்டபம் வர்ற தையில நிச்சயதார்த்தத்துக்குக் கிடைக்குமா தம்பி? ஏர்கான் உண்டா?" என்றார்.

"மேடத்தைக் கேளுங்க," என்று எல்லோரையும் முனீராவிடம் அனுப்பினான். முனீரா எல்லோரையும் திருப்பி அவனிடமே அனுப்பினாள். அந்த அம்மா இரண்டு தடவை போய் வந்து, "ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுறீங்க, நல்லா நடத்துறீங்க லா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முனீரா பிரஷர் மெஷின் பெட்டியோடு வந்தாள். "அண்ணே, இதை எப்படிக் கட்டணும்?"

நல்லவேளை, இது தெரிந்த கேள்வி. விடுதி கிளினிக்கில் ஒரு நர்ஸ் அவனுக்குக் கட்டியிருக்கிறார். "இடது கை மேடம்! முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல! கால் ரெண்டும் தரையில! பேசக் கூடாது!"

"மெஷின்கிட்ட யாரை உக்கார வைக்கலாம்?"

"கண்ணாடி போட்டவங்களா, நம்பர் தப்பாம படிக்கிறவங்களா பார்த்து வைக்கணும் மேடம்!"

இருவருடைய கண்களும் ஒரே நேரத்தில் வரிசையின் முதல் ஆளிடம் போய் நின்றன. அப்துல் ஹமீது. பக்கத்துத் தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கிறவர். மாதாமாதம் சேதுபதி அவர் கடை வாசலில் நின்று ரேட் கேட்பான். மனிதர் வாழ்நாள் முழுக்க நம்பர் படித்தவர்.

"எனக்குப் பார்த்துட்டு உடனே விட்டுருவீங்கன்னுதானே வந்தேன்?" என்றார் அப்துல் ஹமீது.

"முதல்ல உங்களுக்குத்தான் பாய்," என்று முனீரா அவரை உட்கார வைத்தாள். தனக்குத் தானே பார்த்துக்கொண்டார். அடுத்த ஆளுக்கும் பார்த்தார். பிறகு எழுந்திருக்க மறந்துவிட்டார். பழக்க தோஷம், ஒவ்வொரு நம்பரையும் கடையில் ரேட் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.

"நூத்தி முப்பத்திரண்டு, எம்பத்தி நாலு! அடுத்து!"

முனீரா சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். வேலை சாரத்தில் பலகை கைமாறுவதுபோல் கைமாறியது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேர். சேதுபதி மட்டும் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. உட்காரப் போகும்போதெல்லாம் யாராவது "சார்" என்றார்கள்.

பதினொன்றரைக்கு வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏய், சேது! நீயாடா அது?"

தங்கராஜு. கையில் தேக்கா சந்தையில் வாங்கிய மீன் பை. பொங்கோலில் இருக்கும் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத் தேக்காவுக்கு வருகிறவர், வழியில் கண்ணாடிக் கதவு வழியாகத் தன் ஆளைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அவனைச் சுற்றி நடந்து முதுகைப் படித்தார். வயிறு குலுங்கியது.

"முதுகுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'குழுத் தலைவர்'! எப்பருந்து லா?"

சேதுபதிக்கு வியர்த்தது. "சட்டை நனைஞ்சிருச்சுங்க சார். சட்டையில எழுதினா ஆயிடுவோமா?"

"அதானே. சரி, உன் சீட்டு எங்க?"

அதற்குள் முனீரா வந்துவிட்டாள். வாசலைத் தாண்டிய யாரையும் அவள் சும்மா விடுவதாக இல்லை. "வாங்க சார், உக்காருங்க சார், ரெண்டு நிமிஷம்தான்."

"நான் சும்மா பார்க்க..."

"பார்க்கத்தானே சார் எல்லாரும் வர்றாங்க. கையை நீட்டுங்க."

தங்கராஜு உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்துவிட்டதை உணர்ந்தார். மெஷின் உறுமியது. அப்துல் ஹமீது கண்ணாடியைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார், இறக்கி ஒரு தடவை பார்த்தார்.

"நூத்தி எழுபத்தாறு, நூத்தி நாலு!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலையிலிருந்து இதுதான் உச்சம்.

"மெஷின் கோளாறு லா. திரும்ப எடு."

"நூத்தி எம்பத்திரண்டு! நூத்தி எட்டு!"

"ஏன் ஏலம் விடுறீங்க? மெதுவாச் சொல்லக் கூடாதா?"

முனீரா சேதுபதி பக்கம் திரும்பினாள். "அண்ணே, இவ்வளவு இருந்தா என்ன செய்யணும்?"

சேதுபதி யோசிக்கவில்லை. யோசித்தால்தான் தயக்கம் வரும். "வேலையை நிறுத்தணும் மேடம்! உக்கார வைக்கணும்! பெரியவங்ககிட்டத் தகவல் சொல்லணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய வேலையை நிறுத்தச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முனீரா அதற்குள் எழுதிவிட்டாள்.

தங்கராஜு சீட்டைப் படித்தார். முகம் மீனின் செவுள் நிறத்துக்கு வந்தது. "என்னையவா நிறுத்துறே? என்னையவா? நாளைக்கு நீ எப்படி சாரத்துல ஏறுறேன்னு பார்க்கிறேன். உக்காருடா, உன் நம்பரைப் பார்ப்போம்!"

காலையிலிருந்து ஏங்கிய நாற்காலி கிடைத்தது. கிடைத்த விதம்தான் சரியில்லை. சேதுபதியின் நெஞ்சு அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் மெஷின் மாதிரி இடித்துக்கொண்டிருந்தது.

"நூத்தி அறுபத்திரண்டு, தொண்ணூத்தெட்டு!"

"ஆஹா!" என்றார் தங்கராஜு.

"இதுக்கு என்னண்ணே எழுத?" என்றாள் முனீரா.

இது கேள்வி என்றால் இதைவிடக் கொடுமையான கேள்வி கிடையாது. ஆனாலும் வாய் பழகிவிட்டது. "அதேதான் மேடம். நிறுத்தணும். அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுட்டுத் திரும்பப் பார்க்கணும்."

இருவரையும் சுவரோரம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாள். பேசக் கூடாது என்றாள். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

"அண்ணே, சாரோட மீனை எங்க வைக்கலாம்?"

இது எந்தப் பாடத்தில் வரும் கேள்வி என்று சேதுபதிக்கு விளங்கவே இல்லை. டாக்டர் படிப்பில் மீனும் உண்டா? "ஐஸ்ல மேடம்," என்றான், முதல் தடவையாகச் சத்தம் குறைந்து. மீன் பை குளிர்பானப் பெட்டிக்குள் போனது.

"சேது," என்றார் தங்கராஜு மெதுவாக.

"பேசக் கூடாது சார்."

"மெதுவாத்தானே பேசுறேன்."

"மெதுவாப் பேசினாலும் ஏறும் சார்."

தங்கராஜு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"எனக்கு மேலயும் ஒருத்தன் இருக்கான் சேது. இந்த நம்பரைப் பார்த்தான்னா என்னைக் கன்டெய்னர் ஆபீஸ்ல உக்கார வெச்சு ஃபைல் அடுக்கச் சொல்லிருவான். அம்பத்தெட்டு வயசுல எவன் லா எனக்கு வேற வேலை குடுப்பான்?"

சேதுபதி அவரைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் தங்கராஜுவுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்று அவன் நினைத்ததே இல்லை.

"ஃபைல் அடுக்குறது நல்ல வேலைதான் சார். யார்டு கூட்டுறது மாதிரி."

"குத்திக் காட்டாத. நான் சொல்றதைக் கேளு. அந்தப் பொண்ணு உன் பேச்சைக் கேக்குது. நம்பரை மாத்தி எழுதச் சொல்லு. எனக்கு நூத்தி இருவது. உனக்கும் நூத்தி இருவது. நாளைக்கு நீ ஏறு, நான் ஒண்ணும் கேக்கல."

சேதுபதியின் மனக்கண்ணில் விளக்குமாறு வந்தது. பெர்மிட் வந்தது. நூற்றி இருபது. ஒரு கோடு, இரண்டு எண். யாருக்கு என்ன நஷ்டம்? எழுந்தான். நடந்தான். முனீராவின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"மேடம்..."

"நல்லவேளை வந்தீங்க," என்றாள் முனீரா. "அந்த சார் பெஞ்சுல உக்காரும்போதே என் காதுல கேட்டாரு. நம்பரை மாத்தி எழுதச் சொன்னா என்ன செய்யணும்ணே?"

"மாத்தக் கூடாது மேடம்!" என்று சேதுபதியின் வாய் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது. "யாரு சொன்னாலும் மாத்தக் கூடாது! பொய்க் கணக்குல ஏறினா ஆள் விழுந்துருவான்!"

பெஞ்சில் தங்கராஜு தலையில் கை வைத்துக்கொண்டார். சேதுபதி தன் வாயை நொந்துகொண்டே திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேட்டியா?"

"அவங்களே கேட்டுட்டாங்க சார்," என்றான்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, தோளில் பெரிய பையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக மூச்சு வாங்க உள்ளே வந்தார். கழுத்து அட்டையில் டாக்டர் பாக்கியலட்சுமி என்று இருந்தது. மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சீட்டுகளைப் புரட்டினார். புருவம் ஏறியது. நேரே பெஞ்சுக்கு வந்தார்.

"இவங்க ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்காங்க?"

"நம்பர் அதிகம் டாக்டர், அதான் ஓய்வு எடுக்க வெச்சிருக்கு," என்றாள் முனீரா.

டாக்டர் தானே மெஷினைக் கட்டினார். தங்கராஜுவுக்கு நூற்றி எழுபது. "எத்தனை நாளா மாத்திரை போடல?" என்று கேட்டார். தங்கராஜு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். டாக்டர் ஒரு கடிதம் எழுதி அவர் சட்டைப் பையில் செருகினார். "இன்னைக்கே கிளினிக் போறீங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டா வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போடலன்னா ஆகும்."

அடுத்தது சேதுபதி. கண்ணை மூடிக்கொண்டான்.

"நூத்தி இருபத்தாறு, எண்பது," என்றார் டாக்டர் சாதாரணமாக. திரும்பவும் எடுத்தார். அதே நம்பர். நிற்க வைத்து எடுத்தார். அதே நம்பர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சேதுபதி தங்கராஜுவைக் காட்டி வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னான். "தலை சுத்துச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். ராத்திரி கட்டிக் குடுத்த சோறு, விடிஞ்சு பிரிச்சா புளிச்சுப் போயிருந்துச்சு. கொட்டிட்டேன். முந்தின நாளும் அப்படித்தான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். பிறகு சீட்டில் நம்பரை எழுதி, அதன் கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தங்கராஜுவிடமே நீட்டினார். "இவருக்கு சூப்பர்வைசர் நீங்கதானே? படிங்க."

தங்கராஜு படித்தார். "'உடம்பில் கோளாறு இல்லை. காலையில் சூடாகச் சாப்பிடாமல் இவரை மேலே ஏற்றக் கூடாது.'" இரண்டு தடவை படித்தார். சீட்டை மடித்துச் சேதுபதி கையில் வைத்தார். "ஏறு லா. நாளைக்கு ஏழு மணிக்கு வா. புரோட்டா நான் வாங்கித் தரேன். போய் என் மீனை எடு."

சேதுபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் காரணமான முனீரா மேடத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று போனான். அதற்குள் டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தொழிலாளர்களைக் கூட்டிட்டு வர துவாஸ் போன நம்ம பிள்ளைங்க எல்லாம், பஸ் நின்னுபோய் அங்கேயே மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்துச்சு. இங்க ஒரு ஆள் இருக்காது, வந்தவங்களுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் நான் ஓடி வந்தேன். ஒத்தை ஆளா நின்னு அறுபது பேரைப் பார்த்திருக்கியேம்மா! எத்தனையாவது வருஷம் படிக்கிறே?"

"ஐயோ டாக்டர், நான் எங்க படிச்சேன்? எதிர்த்த புடவைக் கடையில நிக்கிறவ நான். எங்க அத்தாவுக்கு வரிசையில ஒரு டோக்கன் நம்பர் எடுத்துக் குடுத்துட்டுப் போயிடலாம்னு காலையில வந்தேன். எதைக் கேட்டாலும் இந்த அண்ணன் பட்டு பட்டுனு பதில் சொன்னாரா, சரி, இவர்தான் முகாமை நடத்துறாருன்னு அவர் சொன்னதை எல்லாம் செஞ்சேன்!"